உணவில் இருப்பதும் உடலில் சேர்வதும்

ஓர் உணவை எரித்தால் வரும் வெப்பமும், அதையே உண்டவரின் உடலுக்குக் கிடைக்கும் ஆற்றலும் ஒரே அளவானவை அல்ல. இரண்டுக்கும் நடுவே சுமார் ஆறு மீட்டர் நீளச் சிறுகுடலும் ஒன்றரை மீட்டர் நீளப் பெருங்குடலும் இருக்கின்றன. மனித உடலில் குடியிருக்கும் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில்தான் வாழ்கின்றன. உடலின் சொந்தச் செல்களின் எண்ணிக்கையும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆற்றல் சமநிலை என்றதும் எவ்வளவு சாப்பிடுகிறோம், எவ்வளவு செலவழிக்கிறோம் என்ற இரண்டு எண்கள் மட்டுமே பேச்சில் அடிபடுகின்றன. ஆனால் வரவின் அளவு குடலைக் கடந்த பிறகே உறுதியாகிறது. செலவின் அளவோ வரவைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்கிறது.

ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவையான வெப்பம் ஒரு கிலோகலோரி. உணவைப் பற்றிய அன்றாடப் பேச்சில் கலோரி எனப்படுவதும் இதுவே. உயிருள்ள உடலும் இந்த அளவுகோலுக்குள் அடங்கும் என்று முதலில் காட்டியவர்கள் பிரான்சின் அந்துவான் லவாசியேயும் பியேர் சிமோன் லாப்லாசும். 1782-83 குளிர்காலத்தில் ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்துக்குள் வைத்து, உருகி வடிந்த நீரை நிறுத்துப் பார்த்தார்கள். அது வெளிவிட்ட கரியமில வாயுவையும் அளந்தார்கள். அதே அளவு வாயு வரும்படி கரியை எரித்தால் கிடைக்கும் வெப்பத்தோடு விலங்கின் வெப்பம் ஏறக்குறைய ஒத்துப்போனது. மூச்சுவிடுதல் என்பது மெதுவாக நடக்கும் எரிதல் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். 1894-இல் ஜெர்மனியின் மாக்ஸ் ரூப்னர் நாய்களிடம் இதை இன்னும் துல்லியமாகச் செய்தார். தின்ற உணவிலிருந்து கணக்கிட்ட ஆற்றலும் உடல் வெளியிட்ட வெப்பமும் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான வேறுபாட்டில் பொருந்தின. ஆற்றல் அழிவின்மை விதிக்கு உயிர்கள் விலக்கல்ல. இந்த அத்தியாயத்தில் வரும் எந்தக் கண்டுபிடிப்பும் அந்த விதியை மீறுவதில்லை.

மனிதர்களிடம் இந்த அளவீட்டைச் செய்தவர் அமெரிக்காவின் மிடில்டவுன் நகரிலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தின் வில்பர் அட்வாட்டர். இயற்பியலாளர் எட்வர்ட் ரோசாவுடன் சேர்ந்து, ஓர் ஆள் நாள்கணக்கில் உள்ளேயே உண்டு, உறங்கி, உழைக்கக்கூடிய அறை ஒன்றை 1890-களில் அமைத்தார். உள்ளே போன உணவு, வெளியே வந்த மலம், சிறுநீர், மூச்சுக்காற்று, வெப்பம் எல்லாம் அளக்கப்பட்டன. கிராமுக்குப் புரதம் 4, கொழுப்பு 9, மாவுச்சத்து 4 கிலோகலோரி என்று இன்றும் பாடப்புத்தகங்களிலும் உணவுப் பொட்டலங்களிலும் கையாளப்படும் எண்கள் அவருடைய உழைப்பில் கிடைத்தவை. இவை வெறும் எரிவெப்பத்தைச் சொல்வதில்லை, கழிவு போக மிஞ்சியதைச் சொல்கின்றன. கலப்பு உணவிலுள்ள புரதத்தை எரித்தால் கிராமுக்கு 5.65 கிலோகலோரி வரும். அதில் சுமார் 8 சதவீதம் செரிக்காமல் மலத்தில் போய்விடும். உடலில் சேர்ந்த புரதத்திலும் நைட்ரஜன் பகுதியை உடலால் முழுதாக எரிக்க முடியாது. அது யூரியாவாகச் சிறுநீரில் கலந்து வெளியேறும்போது மேலும் 1.25 கிலோகலோரியைக் கொண்டுபோகிறது. எஞ்சுவது 4.

மலத்தையும் சிறுநீரையும் கணக்கில் சேர்த்ததே அட்வாட்டரின் பெருமை. குறை என்றால், கழிவின் அளவுக்கு அவர் எடுத்துக்கொண்டது அக்கால அமெரிக்கக் கலப்பு உணவின் சராசரி. முழுக் கொண்டைக்கடலையையும் வெள்ளை ரொட்டியையும் அந்தச் சராசரி ஒரே தட்டில் வைத்துவிடுகிறது. இதன் விளைவு பின்னர்தான் தெரிய வந்தது.

செலவில் மிகப் பெரிய பங்கு, அசையாமல் படுத்திருக்கும்போதும் நடந்துகொண்டிருக்கும் வேலைகளுக்குப் போகிறது. இதயத் துடிப்பு, சிறுநீரகத்தின் வடிகட்டல், செல்களின் உப்புச் சமநிலை, புரதங்களின் புதுப்பிப்பு ஆகியவை அவற்றில் முக்கியமானவை. உட்கார்ந்தே வேலை செய்பவர்களிடம் இந்த அடிப்படைச் செலவு மொத்தத்தில் 60 முதல் 70 சதவீதம். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. உண்டதைச் செரித்து, உறிஞ்சி, சேமிப்பதற்கு இன்னொரு 10 சதவீதம் ஆகிறது. புரதத்துக்கு இந்தச் செலவு அதன் ஆற்றலில் 20 முதல் 30 சதவீதம் வரை போகும். கொழுப்புக்கு 3 சதவீதத்தைத் தாண்டாது. மீதமுள்ளதுதான் நடப்பதற்கும் ஓடுவதற்கும் உழைப்பதற்கும்.

அறைக்குள் அடைக்காமல், மனிதர்கள் தம் வழக்கமான வாழ்க்கையில் செலவழிப்பதை அளக்க ஒரு வழி 1950-களில் கிடைத்தது. கன ஹைட்ரஜனும் கன ஆக்சிஜனும் கொண்ட நீரைக் குடிக்கக் கொடுத்து, இரண்டும் உடலிலிருந்து வெளியேறும் வேகத்தைச் சிறுநீரில் பார்ப்பதே அந்த முறை. ஹைட்ரஜன் நீராக மட்டும் வெளியேறும். ஆக்சிஜன் நீராகவும் கரியமில வாயுவாகவும் வெளியேறும். இரண்டு வேகங்களின் வேறுபாடு உடல் உண்டாக்கிய கரியமில வாயுவின் அளவைத் தந்துவிடும். மின்னசோட்டாவின் நேதன் லிஃப்சன் விலங்குகளுக்காக உருவாக்கிய இந்த முறையை 1982-இல் டேல் ஷோலர் மனிதர்களிடம் கையாண்டார். 2012-இல் ஹெர்மன் பான்ட்சர் குழுவினர் இதைத் தான்சானியாவின் ஹட்சா வேட்டை மக்களிடம் பயன்படுத்தியபோது எதிர்பாராத விடை வந்தது. ஹட்சா மக்கள் நாள் முழுதும் நடக்கிறார்கள், தோண்டுகிறார்கள், சுமக்கிறார்கள். ஆனாலும் உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் அவர்களுடைய மொத்தச் செலவு மேலைநாட்டு நகரவாசிகளின் செலவைவிடக் கூடுதலாக இல்லை. உழைப்பு கூடும்போது உடல் வேறு உள்வேலைகளில் சிக்கனம் பிடிக்கிறது என்பது பான்ட்சரின் விளக்கம். அது எந்த அளவுக்குச் சரி என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் உண்டு. 2021-இல் 29 நாடுகளைச் சேர்ந்த 6,400-க்கும் மேற்பட்டவர்களின் அளவீடுகளைத் தொகுத்த ஆய்வு இன்னொரு நம்பிக்கையையும் அசைத்தது. உடல் அளவுக்குச் சரிசெய்து பார்த்தால் 20 வயது முதல் 60 வயது வரை செலவு ஏறக்குறைய மாறுவதே இல்லை. முப்பதைத் தாண்டியதும் உடலின் எரிவேகம் குறைந்துவிடுகிறது என்று பரவலாகச் சொல்லப்படுவதற்கு இந்த அளவீடுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை.

வரவு குறையும்போது செலவும் குறைகிறது என்பதில் மட்டும் ஐயமே இல்லை. அதற்கான மிகத் தெளிவான சான்று போர்க்காலத்தில் கிடைத்தது. ஐரோப்பாவில் பட்டினியால் நலிந்தவர்களை எப்படித் தேற்றுவது என்று அறிவதற்காக, மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஆன்செல் கீஸ் 1944 நவம்பரில் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனையைத் தொடங்கினார். மனச்சாட்சியின் பேரில் ஆயுதம் ஏந்த மறுத்து, அதற்கு மாற்றாக இந்தப் பட்டினியைத் தாமே ஏற்றுக்கொண்டவர்கள் அவர்கள். 24 வாரங்கள் அவர்களுக்குக் கிடைத்தது, பழைய உணவில் ஏறக்குறைய பாதி: உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி. உடல் எடையில் கால் பங்கு கரைந்தது. அடிப்படைச் செலவு சுமார் 40 சதவீதம் இறங்கியது. எடை குறைந்ததால் மட்டும் இவ்வளவு இறங்க முடியாது. மிஞ்சியிருந்த தசையும் உறுப்புகளும் முன்னைவிடக் குறைவாக எரித்தன. நாடித்துடிப்பு தளர்ந்தது. கோடையிலும் குளிரில் நடுங்கினார்கள். உணவைத் தவிர வேறு நினைவே இல்லாமல் சமையல் நூல்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள். கடுமையாகப் பத்தியம் இருப்பவரின் எடை சில வாரங்களில் அசையாமல் நின்றுவிடும்போது, அது மன உறுதியின் குறை என்று பழிக்கப்படுகிறது. அந்தப் பழி எவ்வளவு அநியாயமானது என்பதற்கு இந்த 36 பேரின் உடல்களே சாட்சி.

இனி வரவு. சிறுகுடலின் நொதிகள் எட்டும் இடத்தில் இருக்கும் உணவுதான் செரிக்கும். தாவர உணவில் மாவுச்சத்தும் கொழுப்பும் செல் சுவர்களுக்குள் இருக்கின்றன. அந்தச் சுவர்களை உடைக்கும் நொதி மனித உடலில் கிடையாது. பல்லும் அம்மியும் அடுப்பும் உடைத்தது போக மற்றவை உள்ளிருப்பதோடு அப்படியே கீழே இறங்குகின்றன. அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் 2012-இல் இதைப் பாதாம் பருப்பில் அளந்தார்கள். 28 கிராம் பாதாமுக்கு அட்வாட்டர் எண்கள் சொல்வது சுமார் 170 கிலோகலோரி. உண்டவர்களின் மலத்தையும் சிறுநீரையும் அளந்து கண்டதோ 129. அதே பருப்பை விழுதாக அரைத்துக் கொடுத்தபோது உடலில் சேர்ந்தது அட்வாட்டர் கணக்கோடு ஒத்துப்போனது. பொருள் ஒன்றுதான், எண்ணெயின் அளவும் ஒன்றுதான்; மாறியது உடைந்த செல் சுவர்களின் எண்ணிக்கை. முழுப் பயறை வேகவைத்து உண்பதற்கும் அதையே மாவாக்கிச் சமைப்பதற்கும் இரத்தச் சர்க்கரையில் தெரியும் வேறுபாடு இதன் இன்னொரு முகம்.

செல் சுவருக்குள் இல்லாத மாவுச்சத்தும் சில வேளைகளில் நொதிகளுக்கு வசப்படாது. பச்சை வாழைக்காயின் மாவு மணிகள் அப்படிப்பட்டவை. வெந்த சோறு ஆறும்போது அதிலுள்ள அமைலோஸ் இழைகள் மறுபடி நெருங்கி இறுகிப் படிகமாகின்றன. அவற்றில் ஒரு பகுதியும் செரிக்காது. பழைய சோற்றிலும், வேகவைத்துக் காயவைக்கும் புழுங்கல் அரிசியிலும் இத்தகைய செரியா மாவுச்சத்து உண்டு. ஆனால் சோற்றின் மொத்த மாவுச்சத்தில் அது சிறு பங்குதான், அரிசியின் ரகத்தைப் பொறுத்துக் கூடியும் குறைந்தும் இருக்கும். பழைய சோறு சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்றெல்லாம் பரவும் பேச்சை இந்த அளவுகள் தாங்காது. அது நல்ல உணவு என்பதற்கு அப்படிப்பட்ட புகழ் தேவையும் இல்லை.

சிறுகுடல் விட்டுவிட்டவற்றைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் எடுத்துக்கொள்கின்றன. அங்கே ஆக்சிஜன் இல்லை. ஆகவே அவை நார்ச்சத்தையும் செரியா மாவுச்சத்தையும் நொதிக்கச் செய்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்னும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றைக் குடல் உறிஞ்சிக்கொள்கிறது. நார்ச்சத்துக்குக் கிராமுக்குச் சுமார் 2 கிலோகலோரி என்று கணக்கிடுவது இதனால்தான். அதாவது அது வெறும் சக்கை அல்ல, தாமதமாகவும் வேறு வடிவிலும் வந்து சேரும் உணவு. பியூட்டிரேட்டுக்குத் தனிச் சிறப்பு உண்டு. பெருங்குடலின் உள்சுவர்ச் செல்கள் தம் ஆற்றலில் பெரும்பகுதியை இரத்தத்திலிருந்து எடுப்பதில்லை, குடலுக்குள் பாக்டீரியா உண்டாக்கும் பியூட்டிரேட்டை எரித்தே பெறுகின்றன.

நார்ச்சத்து வராவிட்டால் அந்தப் பாக்டீரியாக்கள் சும்மா இருப்பதில்லை. 2016-இல் மகேஷ் தேசாய், எரிக் மார்ட்டென்ஸ் குழுவினர் எலிகளிடம் செய்த ஆய்வில், நார்ச்சத்து கிடைக்காத பாக்டீரியாக்கள் குடல் சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே அரித்துத் தின்றன. படலம் மெலிந்த எலிகளை நோய்க்கிருமி எளிதில் தாக்கியது. மனிதர்களிடம் உணவு மாற்றம் எவ்வளவு விரைவாகப் பலிக்கும் என்பதை 2015-இல் ஸ்டீஃபன் ஓ'கீஃப் குழுவினர் காட்டினார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களில் 20 பேரும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தவர் 20 பேரும் இரண்டு வாரங்களுக்குத் தம் உணவை மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கர்களுக்கு நார்ச்சத்து நாளுக்கு 14 கிராமிலிருந்து 55 கிராமாக ஏறியது. ஆப்பிரிக்கர்களுக்கு 66 கிராமிலிருந்து 12-ஆக இறங்கியது. அமெரிக்கர்களின் குடலில் பியூட்டிரேட் உற்பத்தி இரண்டரை மடங்கானது, ஆப்பிரிக்கர்களிடம் பாதியானது. பெருங்குடல் புற்றுநோய்க்கான ஆபத்தைக் காட்டும் திசு அறிகுறிகளும் அந்த இரண்டு வாரங்களிலேயே இடம் மாறின.

இந்த அமிலங்கள் உயிர்காக்கும் மருந்தாகவும் முடியும் என்று காட்டியது வேலூர். காலராவில் நச்சுப்பொருள் சிறுகுடலிலிருந்து நீரையும் உப்பையும் கொட்ட வைக்கிறது. ஆனால் குளுக்கோஸும் சோடியமும் கைகோத்து உள்ளே போகும் வழியை அது அடைப்பதில்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் உயிர் காப்பது இதனால்தான். 1971-இல் வங்கதேச அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில் திலீப் மஹலனாபிஸ் இந்தக் கரைசலை வாளி வாளியாகக் கலந்து கொடுத்து, 30 சதவீத அளவில் இருந்த இறப்பை 4 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார். ஆனால் கரைசல் இழந்த நீரை ஈடு செய்ததே தவிர, வயிற்றுப்போக்கின் அளவைக் குறைக்கவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் அவருடைய சகாக்களும் அதுவரை யாரும் பெரிதாகக் கவனிக்காத பெருங்குடலை இதில் ஈடுபடுத்தினார்கள். ஆரோக்கியமான பெருங்குடல் நாளுக்கு நான்கைந்து லிட்டர் நீரைக்கூட மீட்டெடுக்க வல்லது. குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் அங்கே சோடியத்தை உள்ளே இழுக்கத் தூண்டுகின்றன, சோடியத்தோடு நீரும் போகிறது. காலரா நச்சு இந்த வழியைத் தடுப்பதில்லை. ஆகவே வழக்கமான கரைசலில் லிட்டருக்கு 50 கிராம் செரியா மக்காச்சோள மாவைச் சேர்த்துக் கொடுத்தார்கள். காலரா கண்ட 48 நோயாளிகளிடம் நடந்த இந்த ஆய்வு 2000-இல் வெளியானது. செரியா மாவு பெற்றவர்களுக்கு மலத்தில் இழந்த நீர் குறைந்தது, நோயும் விரைவில் நின்றது. அரிசி மாவு சேர்த்த கரைசலால் அந்த அளவு பலன் இல்லை, ஏனென்றால் அரிசி மாவு சிறுகுடலிலேயே செரித்துவிடுகிறது. உடலுக்கு எட்டாத உணவு பாக்டீரியாவுக்கு எட்டியதே இங்கே மருந்தாக ஆனது. தமிழ்நாட்டின் பாடப்புத்தகங்களில் இடம்பெறத் தகுந்த ஆய்வு இது.

குடல் பாக்டீரியாக்கள் உடல் பருமனையும் தீர்மானிக்கின்றனவா? வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி கார்டன் குழுவினர் 2004-இல், பிறந்தது முதல் கிருமியே படாமல் வளர்ந்த எலிகளுக்குச் சாதாரண எலிகளின் குடல் பாக்டீரியாக்களைக் கொடுத்தார்கள். அவை குறைவாகவே தின்றன, ஆனாலும் 14 நாளில் உடல் கொழுப்பு 60 சதவீதம் கூடியது. இதை வைத்து, மெலிந்தவரின் பாக்டீரியாவை ஏற்றினால் பருத்தவர் மெலிந்துவிடுவார் என்ற எதிர்பார்ப்பு கிளம்பியது. மனிதர்களிடம் மல மாற்றுச் சிகிச்சை செய்து பார்த்தபோது எடை அப்படிக் குறையவில்லை. எலிக்கும் மனிதருக்கும் உள்ள தூரத்தை மறந்துவிட்டுச் சந்தைக்கு வந்த மாத்திரைகளும் பரிசோதனைகளும் இன்று ஏராளம். அவற்றுக்குப் பணம் கொடுப்பவர்கள் ஆதாரத்தை மீறிய வாக்குறுதியையே வாங்குகிறார்கள்.

மனிதர்களிடம் உண்மையில் எவ்வளவு வேறுபாடு வரும் என்பதை 2023-இல் ஃபுளோரிடாவில் நடந்த ஆய்வு அட்வாட்டரின் வழியிலேயே அளந்தது. ஆரோக்கியமான 17 பேர் அளவீட்டு அறைகளில் தங்கி இரண்டு வகை உணவுகளை மாறி மாறி உண்டார்கள். ஒன்று பதப்படுத்திய மேலைநாட்டு உணவு. மற்றொன்று நார்ச்சத்தும் செரியா மாவுச்சத்தும் நிறைந்த, அதிகம் அரைபடாத உணவு. முதல் உணவின் ஆற்றலில் 95 சதவீதம் உடலில் சேர்ந்தது. இரண்டாவதில் 90 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. சராசரியாக நாளுக்கு 116 கிலோகலோரி கூடுதலாக மலத்தில் போனது. அதில் பாக்டீரியாக்களின் பெருகிய உடல்களும் அடக்கம். பசி கூடவில்லை. 116 என்பது ஒரு பெரிய வாழைப்பழத்தின் அளவுதான், அதிசயம் எதுவும் இல்லை. ஆனால் நாள்தோறும் தொடரும்போது புறக்கணிக்கத் தக்க அளவும் அல்ல.

எடை குறைய வேண்டியவர்களைவிட, எடை கூட வேண்டிய குழந்தைகளுக்கு இந்த அறிவு அவசரமானது. டாக்காவின் மீர்ப்பூர் குடிசைப் பகுதியில் மிதமான ஊட்டக்குறைவுள்ள, 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கு, தஹ்மீத் அகமதும் கார்டனும் இரண்டு வகைச் சத்துணவுகளை மூன்று மாதம் கொடுத்து ஒப்பிட்டார்கள். ஒன்று வழக்கமான ஆயத்தச் சத்துணவு. மற்றொன்று கொண்டைக்கடலை, நிலக்கடலை, சோயா, பச்சை வாழைக்காய் ஆகியவற்றால் ஆனது. ஊட்டக்குறைவில் முதிராமல் நின்றுவிட்ட குடல் பாக்டீரியாக் கூட்டத்தை வளர்ப்பதற்கென்றே தேர்ந்தெடுத்த பொருள்கள் அவை. இரண்டாவதில் கலோரி குறைவு. இருந்தும் அதை உண்ட குழந்தைகளின் எடை வேகமாகக் கூடியது என்று 2021-இல் முடிவு வெளியானது. கலோரியை மட்டும் எண்ணித் திட்டமிட்டிருந்தால் இந்த உணவைத் தேர்ந்தெடுத்திருக்கவே முடியாது.

பசியும் நிறைவும் குடலோடு கட்டுண்டவை. வெறும் வயிறு சுரக்கும் கிரெலின் பசியைத் தூண்டுகிறது. சிறுகுடலின் கடைப்பகுதியிலும் பெருங்குடலிலும் அதிகமாக உள்ள சில செல்கள், உணவும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களும் வந்து சேரும்போது ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனை வெளியிடுகின்றன. அது போதும் என்ற செய்தியை மூளைக்கு அனுப்புகிறது, இரைப்பை காலியாவதையும் தாமதப்படுத்துகிறது. இயல்பான ஜிஎல்பி-1 இரத்தத்தில் இரண்டு நிமிடத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடும். எடைக் குறைப்புக்காக இன்று பேசப்படும் செமாக்ளூடைட், அதே செய்தியை ஒரு வாரம் நீட்டிக்கும்படி செய்யப்பட்ட மருந்து.

அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 2019-இல் வெளியிட்ட ஆய்வை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். 20 பேருக்கு இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் தரப்பட்டன. பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம். வேண்டிய மட்டும் உண்ணலாம். பதப்படுத்திய உணவைத் தின்ற நாட்களில் அவர்கள் சராசரியாகச் சுமார் 500 கிலோகலோரி கூடுதலாக உண்டார்கள், வேகமாகவும் உண்டார்கள். இரண்டு வாரத்தில் 0.9 கிலோ ஏறியது. மற்ற உணவில் அதே அளவு இறங்கியது. நார்ச்சத்தைப் பானத்தில் கலந்து எண்ணிக்கையைச் சரிக்கட்டியும் மென்மையான, விரைவில் இறங்கும் உணவின் விளைவை அது மாற்றவில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட பரிந்துரை, பெரியவர்களுக்கு உணவின் இயல்பான நார்ச்சத்து நாளுக்குக் குறைந்தது 25 கிராமும், காய்கறி பழங்கள் 400 கிராமும் வேண்டும் என்கிறது. தீட்டிய அரிசியும் மைதாவும் தட்டின் பெரும்பகுதியை நிரப்பும் வீட்டில் இது எளிதில் எட்டாது. முழுப் பயறு, கீரை, சிறுதானியம், வாழைத்தண்டு போன்றவை நாள்தோறும் சேர்ந்தால் எட்டும். ஆனால் ஒரே வாரத்தில் அளவை இரட்டிப்பாக்கினால் நொதித்தலில் எழும் வாயு வயிற்றை உப்பச் செய்யும். பாக்டீரியாக் கூட்டம் புதிய உணவுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளச் சில வாரங்கள் பிடிக்கும். படிப்படியாகக் கூட்டுவதும் போதிய நீர் அருந்துவதும் அதற்காகத்தான். எரிச்சல்மிகு குடல் நோய் உள்ளவர்களுக்கு வெங்காயம், பூண்டு, சில பருப்புகள் ஆகியவற்றிலுள்ள வேகமாக நொதிக்கும் சர்க்கரைகளே வலியைத் தரும். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய உணவுமுறையில் அவற்றைச் சில வாரங்கள் விலக்கிவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது எந்த அளவில் ஒத்துக்கொள்கிறது என்று பார்க்கிறார்கள். நார்ச்சத்து முழுவதையும் என்றென்றைக்கும் ஒதுக்கிவிடுவது அந்த முறையின் நோக்கமல்ல. விலக்கும் காலம் நீண்டால் குடலுக்கு நன்மை செய்யும் பாக்டீரியாக்களும் குறைந்துவிடும்.